விசுவாசிக்கு மனச்சோர்வு வரலாமா?

தமிழ்நாட்டில் பிரசங்க மேடை ஏறுகிற போதகர்களில் சார்லஸ் ஸ்பர்ஜனின் பெயரைச் சொல்லாதவர் குறைவு. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கேட்கும்படி பேசியவர், பிரசங்கிகளின் இளவரசர் என்றெல்லாம் அவரை அறிமுகப்படுத்துவார்கள். அவர் சொன்ன உவமைகள் இன்றும் நம் கன்வென்ஷன் பந்தல்களில் வலம் வருகின்றன. அந்த மனிதர் வாழ்நாளின் பெரும்பகுதியை மனச்சோர்வோடு கழித்தவர். எதற்கென்றே தெரியாமல் மணிக்கணக்கில் அழுதவர். அதைத் தன் சபையாரிடமும் மாணவர்களிடமும் மறைக்காமல் சொன்னவர். இந்தப் பகுதியை எந்தப் பந்தலிலும் கேட்பது அரிதாக இருக்கிறது.

சொல்லாமல் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் சபைகளில் ஒருவர் மூன்று வாரம் ஆராதனைக்கு வரவில்லை, சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவில்லை என்றால், பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். “ஒழுங்கா ஜெபம் பண்றீங்களா?” “வேதம் வாசிக்கிறது நின்னுபோச்சா?” “மனசுல அறிக்கையிடாத பாவம் ஏதும் இருக்கா அக்கா?” கேட்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. கையில் பழத்தோடு வந்து, முழங்காலிட்டு, கண்ணீரோடு ஜெபித்துவிட்டுப் போகிறவர்கள்தான். ஆனால், படுக்கையை விட்டு எழவே தெம்பில்லாமல் கிடப்பவர் அந்தக் கேள்வியைத் தீர்ப்பாகவே கேட்கிறார். நோயோடு சேர்த்து, நோய் வந்துவிட்டதே என்ற வெட்கத்தையும் அவர் சுமக்க வேண்டியதாகிறது. அடுத்த முறை யாராவது நலம் விசாரித்தால் “கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

வெட்கத்திலிருந்தும் மனச்சோர்விலிருந்தும் மீள்வதற்குக் கிறிஸ்தவ விசுவாசம் உதவுமா? உதவும் என்றே நான் நம்புகிறேன். எப்படி உதவுகிறது என்பதைத்தான் நாம் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறோம். நோயை விரட்டும் மந்திரமாக அது வேலை செய்ததற்கு வரலாற்றில் பெரிய ஆதாரம் இல்லை. வெளியே சொல்ல முடியாததைச் சொல்ல ஓர் இடத்தையும், சொன்ன பிறகும் விட்டுப்போகாத மனிதர்களையும் அது கொடுத்ததற்கு ஆதாரம் நிறைய இருக்கிறது.

சர்ரே பூங்காவில் ஒரு மாலை

லண்டனின் நியூ பார்க் தெரு சபைக்கு வந்தபோது ஸ்பர்ஜனுக்கு 19 வயது. இரண்டே ஆண்டுகளில் கூட்டம் கட்டடத்துக்குள் அடங்கவில்லை. சர்ரே பூங்காவில் புதிதாகக் கட்டியிருந்த பெரிய இசை அரங்கை வாடகைக்குப் பேசினார்கள். 1856 அக்டோபர் 19, ஞாயிறு மாலை, அங்கே முதல் கூட்டம். உள்ளே ஏறக்குறைய பத்தாயிரம் பேர். இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்களும் ஆயிரக்கணக்கில்.

ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது யாரோ “தீ!” என்று கத்தினார்கள். மாடம் இடிகிறது என்று இன்னொரு குரல். தீயும் இல்லை, இடிபாடும் இல்லை. ஆனால் கூட்டம் வாசலை நோக்கிப் பாய்ந்தது. படிக்கட்டில் கைப்பிடிக் கிராதி பெயர்ந்து விழுந்தது. ஏழு பேர் நசுங்கிச் செத்தார்கள். 28 பேருக்குப் பலத்த காயம். மேடையில் இருந்த இளைஞருக்கு வாசலில் நடப்பது தெரியவில்லை. கூட்டத்தை அமைதிப்படுத்தப் பார்த்தார், சில வார்த்தைகள் பேசவும் செய்தார். உண்மை தெரிந்ததும் நிலைகுலைந்து விழுந்தவரைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.

வீட்டில் மனைவி சூசன்னா இருந்தார். அவர்களுடைய இரட்டைக் குழந்தைகள் பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மறுநாளிலிருந்து பத்திரிகைகள் பாய்ந்தன. பேராசை பிடித்த பிரசங்கி, ஆராதனையை நாடகக் கொட்டகைக்குக் கொண்டுபோனவன், இந்தச் சாவுகளுக்கு அவனே பொறுப்பு என்று எழுதின. ஊரே விரல் நீட்டியபோது ஸ்பர்ஜனின் வயது 22. குராய்டனில் இருந்த சபை டீக்கன் ஒருவரின் வீட்டில் அவரை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். வேதப்புத்தகத்தைக் கண்டாலே அழுகை வந்ததாகவும், புத்தி பேதலிக்கும் விளிம்புக்குப் போய்விட்டதாகவும் பின்னால் அவரே எழுதினார்.

அந்த வீட்டின் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தபோதுதான் ஒரு வசனம் அவருக்குள் வெளிச்சமாக இறங்கியது. அடிமையின் கோலம் எடுத்துச் சிலுவை வரைக்கும் தாழ்ந்த கிறிஸ்துவைக் கடவுள் உயர்த்தினார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதிய பகுதி. என் பெயர் என்ன ஆனால் என்ன, அவர் பெயர் உயர்ந்திருக்கிறதே என்று தோன்றியதாம். நவம்பர் 2ஆம் தேதி மறுபடி மேடையேறினார்.

பிரசங்கத்தில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். இரண்டே வாரத்தில் கர்த்தர் தூக்கி நிறுத்தினார், அல்லேலூயா. நிறுத்தக் கூடாத இடம் இது, ஏனென்றால் இதற்குப் பிறகு நடந்ததில்தான் நோயாளிக்கு உதவும் விஷயம் இருக்கிறது. ஸ்பர்ஜன் குணமாகிவிடவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 1881இல், போர்ட்ஸ்மத் நகரில் ஒரு கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டபோது அந்தப் பழைய மாலை அப்படியே திரும்பி வந்து அவரை உலுக்கியது. முப்பத்தைந்து வயதையொட்டிக் கீல்வாதம் பிடித்துக்கொண்டது. சூசன்னா பல ஆண்டுகள் வீட்டை விட்டு வெளியே வர முடியாத நோயாளியானார். குளிர்காலங்களில் ஸ்பர்ஜன் பிரான்சின் தென்கரையில் உள்ள மென்டோனுக்குப் போய் ஓய்வெடுத்தார், 1892 ஜனவரி 31 அன்று அங்கேயே இறந்தார். வயது 57. இத்தனைக்கும் நடுவில் மனச்சோர்வு வந்து வந்து போனது. சில சமயம் காரணத்தோடும், பல சமயம் எந்தக் காரணமும் இல்லாமலும்.

அதை அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். ஊழியத்துக்குப் போகிற இளைஞர்களுக்காக அவர் நடத்திய கல்லூரியில், மனம் சோர்ந்து விழுவதைப் பற்றித் தனியாக ஒரு விரிவுரையே கொடுத்தார். 1875இல் அது நூலாகவும் வந்தது. உடல் நோய், ஓய்வில்லாத உழைப்பு, அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பது, தனிமை, ஒரு பெரிய வெற்றிக்குப் பிறகு வரும் வெறுமை என்று காரணங்களை அடுக்குகிறார். பாவம் செய்தால்தான் இது வரும் என்று சொல்லவில்லை. காற்றோட்டமாக நடங்கள், கடலைப் பாருங்கள், ஓய்வெடுங்கள் என்கிறார். இதையெல்லாம் ஏன் வெளியே சொல்கிறேன் என்பதற்கு அவர் கொடுக்கும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. இளம் போதகர்களுக்கு இது நேரும்போது, தங்களுக்கு மட்டும் ஏதோ விபரீதம் நேர்ந்துவிட்டதாக அவர்கள் எண்ணிக் கலங்கக் கூடாது என்பதற்காகத்தானாம். இங்கிலாந்தின் புகழ்பெற்ற பிரசங்கி தன் பலவீனத்தை மாணவர்கள் முன் எடுத்துவைத்ததற்கு இந்த ஒரு காரணம் போதுமானதாக இருந்தது.

இன்னொரு நிகழ்ச்சியையும் அவர் பதிவுசெய்திருக்கிறார். ஒரு ஞாயிறு காலை, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று சிலுவையில் இயேசு கதறியதை வைத்துப் பிரசங்கித்தார். அன்றைக்கு அவர் உள்ளமே இருண்டு கிடந்தது. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், தன் இருளையே அந்தக் கதறலின் வழியாகப் பேசினார். மறுநாள் மாலை ஒரு மனிதர் தேடிவந்தார். முகத்தில் நம்பிக்கையின் சுவடே இல்லை. என் நெஞ்சுக்குள் இருப்பதை அறிந்து பேசிய ஒரு மனிதரை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டேன் என்றாராம். உயிரை விடும் எண்ணத்தில் இருந்தவர் அவர். பின்னாளில் அவர் தேறி நலமாக இருப்பதைக் கண்ட ஸ்பர்ஜன், அந்த ஞாயிற்றுக்கிழமை தனக்கு ஏன் அவ்வளவு இருட்டாக இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது என்கிறார்.

தோட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நண்பர்

ஸ்பர்ஜனுக்கு நூறு ஆண்டுகள் முந்தைய கதை ஒன்று இதைவிடக் கடினமானது. விசுவாசம் மனச்சோர்வை முற்றிலும் போக்கிவிடும் என்று வாக்குக் கொடுக்கிறவர்கள் அவசியம் அறிய வேண்டியது.

ஜான் நியூட்டனைப் பலருக்கும் தெரியும். அடிமைக் கப்பலின் தலைவனாக இருந்தவர். 1748இல் நடுக்கடல் புயலில் கடவுளைக் கூப்பிட்டவர். ஆனால் அதற்குப் பிறகும் அடிமை வியாபாரத்தை விடாமல் 1754 வரை அந்தக் கப்பல்களிலேயே இருந்தார். நோய்தான் அவரைக் கரையேற்றியது. 1764இல் குருப்பட்டம் பெற்று ஓல்னி என்ற சிற்றூருக்கு வந்தார். ‘அமேசிங் கிரேஸ்’ பாடலை எழுதியது அங்கேதான்.

மூன்று ஆண்டுகள் கழித்து அதே ஊருக்குக் குடிவந்தவர் கவிஞர் வில்லியம் கூப்பர். ஆறு வயதில் தாயை இழந்தவர். 1763இல் பிரபுக்கள் சபையில் ஓர் எழுத்தர் பதவி கிடைக்க இருந்தது. அதற்கு அந்தச் சபையின் முன்னால் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பலர் முன் நிற்க வேண்டுமே என்ற பயம் முற்றி, உயிரை மாய்த்துக்கொள்ளும் முயற்சி வரைக்கும் போனார். செயின்ட் ஆல்பன்ஸில் டாக்டர் நத்தானியேல் காட்டன் நடத்திய மனநோய் இல்லத்தில் சேர்த்தார்கள். காட்டன் மருத்துவர், பக்திமானும்கூட. அந்த இல்லத்தில், ஒரு பெஞ்சில் கிடந்த வேதாகமத்தைத் திறந்து ரோமர் நிருபத்தில் பாவமன்னிப்பைப் பற்றிய வசனத்தைப் படித்தபோதுதான் கூப்பருக்குத் தெளிவு பிறந்தது. மருந்தும் வேதமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன, ஒன்றுக்கொன்று பகையாக இல்லை.

நியூட்டனுக்கும் கூப்பருக்கும் வீடுகள் அருகருகே. இடையில் ஒரு பழத்தோட்டம். அதைக் கடந்துபோக ஆண்டுக்கு ஒரு கினி பணம் கொடுத்து வழி வாங்கிக்கொண்டார்கள். இருவரும் சேர்ந்து எழுதியவைதான் 1779இல் வந்த ஓல்னி பாடல்கள். ஆனால் அந்த நூல் அச்சேறுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1773 ஜனவரியில், கூப்பர் மறுபடியும் விழுந்துவிட்டார். கடவுள் தன்னை என்றென்றைக்குமாகத் தள்ளிவிட்டார் என்று ஒரு கனவில் தீர்ப்புக் கேட்டதாக நம்பினார். அதன் பிறகு வாழ்ந்த 27 ஆண்டுகளில் அவர் ஆலயத்துக்குள் போய் வழிபடவில்லை. சபைகள் இன்றும் பாடும் பாடல்களை எழுதியவருக்குத் தான் மீட்கப்பட்டவன் என்ற நம்பிக்கை திரும்பவே இல்லை.

இந்த இருவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையில் உண்மையான இரத்தக்கறை உள்ளவர் நியூட்டன். அவர் மன்னிப்பை நம்பி நிம்மதியாகத் தூங்கினார். எந்த உயிருக்கும் தீங்கு செய்யாத கூப்பர் தன்னை நரகத்துக்கு உரியவராகவே கருதினார். மனச்சோர்வுக்கும் பாவத்தின் அளவுக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அறிக்கையிடாத பாவம் இருக்கிறதா என்று கூப்பரிடம் கேட்டிருந்தால், இல்லாத பாவங்களை எல்லாம் அவர் ஒத்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதே கொடுமை.

நியூட்டன் அதைக் கேட்கவில்லை. கூப்பரையும், அவரைத் தாயைப்போலக் கவனித்துவந்த மேரி அன்வினையும் தன் குருமனையில் ஓராண்டுக்கு மேல் தங்கவைத்தார். தோட்ட வேலை செய்யவைத்தார்கள். 1774இல் அண்டைவீட்டார் கொடுத்த முயல்குட்டிகளைக் கூப்பர் வளர்க்கத் தொடங்கினார். பஸ், டைனி, பெஸ் என்று பெயர்கூட வைத்தார். பஸ் ஏறக்குறைய பன்னிரண்டு வயது வரை அவரோடு இருந்தது. தச்சுவேலை செய்தார், படம் வரைந்தார், மறுபடி எழுதினார். ஆங்கிலக் கவிதையின் போக்கை மாற்றிய ‘தி டாஸ்க்’ 1785இல் வந்தது. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று நம்பிய ஒருவர் இத்தனை ஆண்டுகள் உயிரோடு இருந்ததும் எழுதியதும் எப்படி? அவர் நம்ப முடியாதபோது அவருக்காக நம்பிக்கொண்டிருந்தவர்கள் சுற்றி இருந்தார்கள். விசுவாசத்தின் பலன் இங்கே நோயாளியின் நெஞ்சில் தெரியவில்லை, அவரைச் சூழ இருந்தவர்களின் கைகளில்தான் தெரிகிறது.

நியூட்டனுக்கு என்ன ஆயிற்று? 1788இல், கப்பலை விட்டு 34 ஆண்டுகள் கழித்து, அடிமை வியாபாரத்தைப் பற்றித் தான் கண்டதையும் செய்ததையும் ஒரு பிரசுரமாக எழுதி வெளியிட்டார். அரசாங்க விசாரணைக் குழுவின் முன்னும் சாட்சி சொன்னார். அன்றைக்கு அவர் லண்டனின் மதிப்புமிக்க குருவானவர். பழைய அவமானத்தை யாரும் தோண்டவில்லை. தானே எடுத்துப் பொதுவெளியில் வைத்தார். மன்னிக்கப்பட்டேன் என்று உண்மையாகவே நம்புகிறவருக்குத்தான் அந்தத் தைரியம் வரும். பாவத்தை மூடி மறைக்கும் வேலையைச் சிலர் விசுவாசம் என்று நினைக்கிறார்கள். நியூட்டனின் விசுவாசம் அவரைப் பேசவைத்தது. 1807 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்த சட்டத்தைப் பார்த்துவிட்டு, அதே ஆண்டு டிசம்பரில் அவர் கண்மூடினார்.

வெட்கம் கொன்ற சிறுமி

1935, இங்கிலாந்தின் லிங்கன் நகரம். புதிதாகக் குருத்துவப் பணிக்கு வந்திருந்த சாட் வாரா என்ற இளைஞர் நடத்திய முதல் அடக்க ஆராதனை ஒரு 14 வயதுச் சிறுமிக்கு. முதல் மாதவிடாய் வந்திருக்கிறது. அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஏதோ பால்வினை நோய் வந்துவிட்டது என்று பயந்து, யாரிடமும் கேட்க வெட்கப்பட்டு, உயிரை விட்டுவிட்டாள்.

வேதம் தெரிந்தவர்களுக்கு மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் வரும் ஒரு பெண் நினைவுக்கு வருவாள். பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கோடு வாழ்ந்தவள். யூதச் சட்டப்படி அவள் தொட்டதெல்லாம் தீட்டு. கூட்டத்தில் ஒளிந்து வந்து இயேசுவின் ஆடையை மட்டும் தொட்டுவிட்டுப் போய்விடப் பார்க்கிறாள். அவர் நின்றுவிடுகிறார். தொட்டது யார் என்று கேட்கிறார். அவள் நடுங்கிக்கொண்டே வந்து எல்லாவற்றையும் சொல்கிறாள். அவர் அவளை மகளே என்று அழைக்கிறார். குணம் அவளுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. பிறகு ஏன் நிறுத்தினார்? உடம்பு சுகமானாலும் அந்த வெட்கத்தோடேயே அவள் வீட்டுக்குப் போயிருப்பாள். ஊர் முன்னால் அவளைப் பேசவைத்து, ஊர் கேட்க உறவு சொல்லி அழைத்ததில்தான் அது தீர்ந்தது. லிங்கன் சிறுமிக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

வாரா அந்தச் சவக்குழியை மறக்கவில்லை. 1953இல் லண்டனின் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் ஆலயத்துக்குப் பங்குக்குருவானவர், நவம்பர் 2ஆம் தேதி ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். சாக நினைக்கிறவர்கள் சாவதற்கு முன்னால் எங்களைக் கூப்பிடுங்கள் என்றார். தற்கொலைக்கு முயல்வது அப்போது இங்கிலாந்தில் குற்றம். 1961 வரை அந்தச் சட்டம் இருந்தது. அழைப்புகளும் நேரில் வந்தவர்களும் பெருகியபோது உதவிக்குத் தொண்டர்கள் வந்தார்கள். வாராவைப் பார்க்கக் காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருப்பது அவர்கள் வேலை. சில வாரங்களிலேயே வாரா ஒன்றைக் கவனித்தார். தேநீர் குடித்துத் தொண்டரிடம் மனம்விட்டுப் பேசிய பலர் குருவைப் பார்க்கத் தேவையில்லை என்று எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் பணியை முழுதுமாகத் தொண்டர்களிடமே ஒப்படைத்துவிட்டார். ‘சமாரிட்டன்ஸ்’ (சமாரியர்கள்) என்று உலகம் அறியும் அமைப்பு இப்படித்தான் பிறந்தது. அழைப்பவரிடம் மதம் பேசக் கூடாது, போதிக்கக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும் என்பது அங்கே விதி. ஒரு குருவானவர் தன் ஆலயத்துக்குள் உட்கார்ந்து வகுத்த விதி. அதில் நான் காண்பது விசுவாசக் குறைவை அல்ல, நல்ல சமாரியன் உவமையை அப்படியே கடைப்பிடித்த ஒரு மனிதரை. உவமையில் வரும் சமாரியனும் அடிபட்டுக் கிடந்தவனுக்குப் போதனை செய்யவில்லை, காயத்துக்கு எண்ணெய் வார்த்தான்.

அந்த வழிமுறை நம் பக்கத்துக்கும் வந்தது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்நேகா’, வாராவின் பணியிலிருந்து கிளைத்த ‘பிஃப்ரெண்டர்ஸ்’ உலக அமைப்போடு இணைந்தது. இலங்கையில் 1974இல் தொடங்கிய ‘சுமித்ரயோ’வும் அதே குடும்பம்தான்.

நம் ஊரில்

2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்தது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடி தமிழ்நாடு, 19,834 பேர். ஒவ்வொரு சாவுக்கும் காரணங்கள் பல, எதையும் ஒற்றைக் காரணத்தில் அடக்க முடியாது. ஆனாலும் தேர்வு முடிவு வரும் வாரத்திலும், கடன் கொடுத்தவர் வாசலில் நின்று கத்திவிட்டுப் போன அன்றும், நிச்சயித்த கல்யாணம் நின்றுபோன வீட்டிலும் மானம் போய்விட்டது என்ற ஒரு சொல் என்ன வேலை செய்கிறது என்பதை நாம் அறிவோம். மானத்தை உயிருக்கு மேலாக வைத்துப் பாடிய ஊர் நமது. சிலுவையை வணங்குகிறவர்கள் இந்த இடத்தில் ஊரோடு ஒத்துப்போகக் கூடாது. ரோமர்கள் அடிமைகளையும் கலகக்காரர்களையும் சிலுவையில் அறைந்தது வலிக்காக மட்டும் அல்ல. ஆடையைக் களைந்து, சாலையோரத்தில் நிறுத்தி, வருவோர் போவோர் ஏச, மானத்தைப் பறிப்பதற்காக. அப்படி மானம் பறிக்கப்பட்ட ஒருவரைத்தான் கிறிஸ்தவர்கள் ஆண்டவர் என்கிறார்கள். தேர்வில் தோற்ற பிள்ளையையும் மணமுறிவு பெற்ற பெண்ணையும் தலை குனியவைக்க அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

சபைகள் இதை மெதுவாகத்தான் கற்றன. தெரிந்தே தற்கொலை செய்தவர்களுக்கு ஆலய அடக்கத்தை மறுக்கும் விதி கத்தோலிக்கத் திருச்சபையின் 1917 சட்டத்தொகுப்பில் இருந்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அது இல்லை. கடுமையான மனநோயும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும், அவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று 1992இல் வெளியான மறைக்கல்வி ஏடு சொல்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு இந்த மாற்றம் எவ்வளவு பெரிது! ஆனால் சட்டம் மாறியது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? கல்லறைத் தோட்டத்தின் மூலையில் ஒதுக்குவதும், மணி அடிக்கத் தயங்குவதும் எங்காவது இன்னும் நடந்தால், திருச்சபையே கைவிட்ட கொடுமையைப் பங்குமக்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

மருத்துவமும் விசுவாசமும் சேர்ந்து நடந்த வழியும் நமக்கு அருகிலேயே இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் பாகாயத்தில் இயங்குகிறது. நோயாளியைச் சுவருக்குள் அடைத்து உறவுகளை அனுப்பிவிடும் பழக்கம் பரவலாக இருந்த காலத்திலேயே, குடும்பத்தாரும் உடன் தங்கிக் கவனித்துக்கொள்ளும் முறையை அங்கே வளர்த்தார்கள். வீட்டுக்குள் ஒளித்துவைக்க வேண்டிய வெட்கமாக நினைத்த நோயை, குடும்பமே சேர்ந்து புரிந்துகொள்ளும் நோயாக மாற்றியது அந்த ஏற்பாடு.

மாத்திரை போட்டால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற ஊழியக்காரரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. மனநல மருத்துவரின் மாத்திரையை ஜெபக்கூட்ட உற்சாகத்தில் தூக்கி எறியச் சொல்வது ஆபத்து, திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னிலும் மோசமாகத் திரும்பலாம். யாரையும் அப்படிச் சொல்லித் தூண்டுகிற பிரசங்கியை அவருடைய சபையார்தான் எழுந்து தடுக்க வேண்டும்.

வேதத்திலேயே வழி இருக்கிறது. கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்ட எலியா தீர்க்கதரிசி, அதன் பிறகு வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். தேவதூதன் வந்து கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்துச் சாப்பிடச் சொல்கிறான். எலியா தின்றுவிட்டு மறுபடி தூங்குகிறார். தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பாடு கொடுக்கிறான். கடவுள் எலியாவோடு பேசுவது அதற்கெல்லாம் பிறகு, நாற்பது நாள் நடந்து மலைக்குப் போன பிறகு. 88ஆம் சங்கீதமோ புலம்பலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட விடியல் இல்லை. அதை வேதத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை. ஆனால் நம் சபைகளில் சாட்சி சொல்லும் நேரத்தில் கஷ்டம் தீர்ந்தவர்கள் மட்டுமே எழுந்து நிற்கிறார்கள். இன்னும் தீரவில்லை, ஆனாலும் வந்திருக்கிறேன் என்று சொல்ல ஒருவருக்கு ஒலிவாங்கியைக் கொடுத்துப் பாருங்கள். பின்வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ஒருவர் அன்று கூட்டம் முடிந்ததும் உங்களைத் தேடி வருவார்.

வருகிறவரிடம் வசனம் சொல்ல அவசரப்பட வேண்டாம். சாப்பிட்டாரா, தூங்குகிறாரா என்று கேளுங்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள், அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது என்று மனநல மருத்துவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். மருத்துவரிடம் போகத் துணைக்குப் போங்கள். ஒரு தடவை போய்விட்டு நின்றுவிடாதீர்கள்.

இதைப் படிக்கிற நீங்களே அந்த இருளில் இருந்தால், உங்களுக்குக் குறைவு விசுவாசத்தில் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். நம்பகமான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416க்கு இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். சென்னை ஸ்நேகாவின் எண் 044-24640050. இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926.

ஆயர்களே, பாஸ்டர்களே, பங்குத்தந்தையரே, வரும் ஞாயிறு திருமண அறிவிப்புகளையும் காணிக்கைக் கணக்கையும் வாசிக்கும்போது இந்த எண்களையும் வாசியுங்கள். மனச்சோர்வு நோய்தான், பாவம் அல்ல என்று பிரசங்க பீடத்திலிருந்து உங்கள் வாயால் சொல்லுங்கள்.